சத்தமில்லாத வால்வு

முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் கிதாபுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடம் சொல்லி வருபவன் நான். சைக்கிளுக்கு மேல் எந்த வாகனத்தையும் ஓட்டியறியேன். அத்தகைய ஒருவன் டீசல் வண்டியின் டர்போவைப் பற்றியும் புகை வால்வைப் பற்றியும் எழுதத் துணிந்தது ஏன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் சில மாதங்களுக்கு முன் சிதம்பரத்தில் ஒரு மெக்கானிக்கின் கொட்டகையில், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு மர ஸ்டூலின் மீது இரண்டு நாள் அமர்ந்திருந்தேன். அங்கே நான் கண்டவை, ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் ஒரு பாடத்துக்கு உரை எழுதியது போல் அமைந்துவிட்டன. அதை எழுதி வைக்காமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

என் தங்கை கடலூர் முதுநகரில் வாழ்கிறாள். கணவரை இழந்தவள். அவளுக்கு ஒரே மகன். அவன் பல இடங்களில் கைகட்டி வேலை பார்த்துச் சலித்து, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கி மீன் ஏற்றி ஓட்டுவதென்று முடிவு செய்தான். தங்கையின் வளையல்களும் கழுத்துச் சங்கிலியும் அடகுக்குப் போயின. சிதம்பரத்தில் என்னோடு ஓதிய நண்பர் ஒருவரின் தம்பி தம்முடைய வண்டியை விற்க இருப்பதாகக் கேள்விப்பட்டு, நானே மருமகனை அழைத்துச் சென்றேன். 2012-ல் தயாரான வண்டி. நான்கு சிலிண்டர், டர்போ பொருத்திய இரண்டரை லிட்டர் டீசல் என்ஜின். எந்தக் கம்பெனியின் வண்டி என்பதை இங்கே சொல்ல வேண்டுவதில்லை. நடந்தவற்றில் கம்பெனிக்குப் பங்கு எதுவும் கிடையாது.

விலை பேசிய அன்று நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விற்பவர் என்ஜினை ஓடவிட்டார். நான் மூடியருகே காதை வைத்துக் கேட்டேன். எனக்கு என்ன தெரியும்? ஆயினும் பெரிய மனிதர் என்ற ஹோதாவில் ஏதேனும் சொல்ல வேண்டுமல்லவா? "மாஷா அல்லாஹ், என்ஜின் எவ்வளவு அமைதியாக இருக்கிறது!" என்றேன். மருமகனின் முகம் மலர்ந்தது. விற்பவரும் மகிழ்ந்தார். அந்த ஒரு சொல்லே விலையை முடித்து வைத்தது என்றுகூடச் சொல்லலாம். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதே.

மூன்று மாதம் தொழில் நன்றாகவே நடந்தது. ஸுப்ஹுக்கு வெகு முன்பே முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளை ஏற்றினால், பொழுது புலர்வதற்குள் சிதம்பரம் சந்தையில் இறக்கிவிடலாம். இடையே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு. நான்காம் மாதம் வண்டி கரும்புகை கக்கத் தொடங்கியது. பாரம் ஏற்றினால் இழுக்கவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் வந்த பேருந்துகளெல்லாம் ஒலியெழுப்பிக்கொண்டு முந்திச் சென்றன. மிதியை அழுத்தும்போது விசிலடிப்பது போன்ற ஓர் ஓசை வேறு.

கடலூரில் ஒரு பட்டறையில் காட்டினான். அவர்கள் ஓசையைக் கேட்டார்கள். சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தார்கள். "டர்போ போய்விட்டது. எக்ஸாஸ்ட் வால்வும் எரிந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும். எல்லாம் சேர்ந்து எண்பதாயிரம் ஆகும்" என்றார்கள். எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அன்றிரவே மருமகன் விற்றவருக்குத் தொலைபேசியில் பேசினான். பேசினான் என்பது மரியாதைக்காக நான் சொல்வது. "ஏமாற்றிவிட்டீர்கள், என் உம்மாவின் நகையைத் தின்றுவிட்டீர்கள்" என்ற அளவுக்குப் போயிருக்கிறான். மறுமுனையில் அவர், "தம்பி, உன் மாமாவைப் பேசச் சொல்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். மறுநாள் காலை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். என்னை நேருக்கு நேர் நோக்கவில்லை. "அண்ணன் பார்த்து வாங்கிக் கொடுத்ததுதானே" என்று மட்டும் சொன்னாள். மருமகனோ, "மாமா, நீங்கள்தான் சாட்சி. நீங்களே வந்து கேளுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கித் தாருங்கள்" என்றான்.

வாங்கிய பொருளில் பழுது வெளிப்பட்டால் வாங்கியவனுக்குள்ள உரிமையை ஃபிக்ஹு நூல்கள் கியாருல் ஐபு என்னும் தலைப்பில் பேசுகின்றன. குதூரியிலும் ஹிதாயாவிலும் அந்தப் பாடத்தை எத்தனையோ முறை நான் நடத்தியிருக்கிறேன். வணிகர்களின் வழக்கத்தில் எது விலையைக் குறைக்குமோ அது பழுது. அது விற்றவர் கையில் இருந்தபோதே உண்டாகியிருந்தால், விற்றவர் அதை அறிந்திருந்தாலும் அறியாதிருந்தாலும், வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம். வாங்கியவர் கைக்கு வந்த பிறகு புதிதாக இன்னொரு பழுது சேர்ந்துவிட்டால், விற்றவர் தாமாக இசைந்தாலன்றித் திருப்பித் தர முடியாது. பழைய பழுதினால் குறைந்த மதிப்பை மட்டும் கேட்கலாம். பழுதை அறிந்த பிறகும் தன் தேவைக்காகப் பொருளைப் பயன்படுத்தினால், அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். சவாரிப் பிராணியைக் கொண்டு அந்நூல்கள் இதை விளக்கும் அழகே தனி: தன் வேலைக்காக ஏறிச் சென்றால் அது சம்மதம், விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவோ, தண்ணீர் காட்டுவதற்காகவோ, தீனி வாங்குவதற்காகவோ ஏறினால் அது சம்மதமாகாது.

இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் என் முன்னால் நின்ற வழக்கில் எது பழைய பழுது, எது புதிய பழுது என்று எனக்குத் தெரியாது. பழுதைப் பற்றித் துறையறிந்தவரிடம் கேள் என்றுதான் அந்த நூல்களும் சொல்கின்றன. எனவே, "முதலில் இன்னொருவரிடம் காட்டுவோம். அதன் பிறகு பேசுவோம்" என்றேன். சிதம்பரத்தில் டீசல் வண்டிகளுக்கென்றே பேர்போன ஒரு முதியவர் இருப்பதாகச் சந்தைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

புறப்படும் நாளன்று மருமகன், "வெறும் வண்டியாகப் போவானேன் மாமா, நான்கு பெட்டி ஏற்றிக்கொண்டால் டீசல் செலவாவது கிடைக்கும்" என்றான். எனக்குச் சவாரிப் பிராணி நினைவுக்கு வந்தது. பட்டறைக்காரர்கள் வால்வு எரிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அவன் பதினொரு நாள் பாரம் ஏற்றி ஓட்டியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. கடன் தவணை அவனை அப்படி ஓட்ட வைத்தது. அவனைக் குறை சொல்ல நாவெழவில்லை. "இன்று வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வரும் வரை அவன் என்னோடு பேசவில்லை.

பி.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்குச் சாலை பிரிகிறது. அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரும். 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். சேலத்துப் பக்கத்துக் கனிமம், காட்டு மரத்தின் கரி, உலைக்குள் விசையோடு செலுத்திய காற்று ஆகிய மூன்றும் அதன் மூலதனம். கரி எவ்வளவு இருந்தாலும் காற்று போதாவிட்டால் இரும்பு உருகாது. அந்த ஆலை மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. காற்றின் கணக்கு மட்டும் மாறவில்லை என்பதை அன்று மாலையே ஒரு மெக்கானிக்கின் வாயால் கேட்டேன்.

எழுபதை நெருங்கியவர். மெலிந்த உடல்; நெற்றியில் திருநீறு; கையில் ஒரு துணிக்கந்தல். வண்டி நின்றதும் மருமகன் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். "தம்பி, இப்படித்தான் தினமும் நிறுத்துவியா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. ஆம் என்றான். அவர் என் பக்கம் திரும்பினார். "ஹஜ்ரத், உட்காருங்க. தம்பிக்குச் சொல்றது உங்களுக்கும் சொல்றதுதான்" என்று தொடங்கினார்.

அவர் சொன்னதை என் நடையில் தருகிறேன். 1897-ல் ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் ஓட்டிக் காட்டிய என்ஜினில் நெருப்புப்பொறி கிடையாது. காற்றை மிக இறுக்கி அமுக்கினால் அது கொதிக்கும்; அதில் எண்ணெயைத் தெளித்தால் தானே பற்றும். எண்ணெயைக் கூட்ட வேண்டுமானால் காற்றையும் கூட்ட வேண்டும். இல்லையேல் எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாகி வெளியேறும். நாம் காணும் கரும்புகை அதுவே. என்ஜின் வெளியே தள்ளும் புகையில் இன்னும் வேகமும் சூடும் இருக்கின்றன. அதை வீணாக விடாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றச் செய்து, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் புதுக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தலாம் என்று 1905-ல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பூக்கி என்னும் சுவிஸ் நாட்டுப் பொறியாளர். அதுதான் டர்போ. நம் உள்ளங்கையில் அடங்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் தண்டு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்துகொண்டிருக்கிறது. நீண்ட தூரம் பாரத்தோடு ஓடி வந்த உடனே என்ஜினை அணைத்தால் எண்ணெய் வரத்து நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். ஆகவே அணைப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிட வேண்டும்.

"நாலு மாசமா நீ அதுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கலை" என்றார் பெரியவர். மருமகன் தலையைக் குனிந்தான். டர்போ போனது நம் கையால்தான் போலும் என்று நானும் நினைத்தேன். பத்து நிமிடத் தீர்ப்பைக் குறை கூறிய நான் ஒரே நிமிடத்தில் இன்னொரு தீர்ப்பு எழுதினேன்! அவரோ, "டர்போவை இப்பத் தொட மாட்டேன். அது ஆறட்டும். காலையில பார்ப்போம். முதல்ல காத்து எங்கே போகுதுன்னு பார்க்கலாம்" என்று எழுந்தார்.

காற்று வடிகட்டியைக் கழற்றித் தரையில் தட்டினார். மண்ணும் மீன் செதிலும் கலந்த ஒரு கைப்பிடி உதிர்ந்தது. பிறகு என்ஜினை மீண்டும் ஓடவிட்டு, மருமகனை மிதிக்கச் சொல்லிவிட்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் கையை நீட்டினார். விசில் ஓசை சட்டென்று குறைந்தது. கையை எடுத்தார், மீண்டும் விசில். என்ஜினை, இம்முறை ஓரிரு நிமிடம் ஓடவிட்ட பிறகு, அணைக்கச் சொன்னார். ஒரு கண்ணாடித் துண்டை உள்ளே நுழைத்து என்னை எட்டிப் பார்க்கச் சொன்னார். ஹோஸின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதைச் சுற்றி எண்ணெயும் கரியும் பூசிக் கிடந்தன. கிழிசலின் ஓரத்தில், இரும்பு கிளாம்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கட்டுக்கம்பி முறுக்கப்பட்டிருந்தது.

"இதை யார் கட்டினது?"

மருமகன் சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "நான்தான்" என்றான். துறைமுகத்து உப்புக் காற்றில் கிளாம்பு அரித்துப்போய் ஒருநாள் நள்ளிரவில் உடைந்திருக்கிறது. மீன் கெட்டுவிடும் என்ற பதற்றத்தில், கிடைத்த கம்பியைச் சுற்றி முறுக்கி ஓட்டி வந்திருக்கிறான். மறுநாள் மாற்ற நினைத்து மறந்துபோயிருக்கிறான். இரண்டு மாதமாக அந்தக் கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. விசிலடித்தது டர்போ அன்று. கிழிசல் வழியே தப்பிய காற்று.

இதற்குள் என்ஜின் சூடாகவே இருந்ததால், பெரியவர் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். முதல், இரண்டாம், நான்காம் சிலிண்டர்கள் 28 பாரை ஒட்டிக் காட்டின. மூன்றாவது 21-ல் நின்றது. மீண்டும் பார்த்தார்; அதே 21. "உங்க கடலூர்க்காரங்க சொன்னது முழுப் பொய் இல்லை ஹஜ்ரத். மூணாவதுல எதுவோ கசியுது. ஆனா எரிஞ்சிருக்கா, இல்லை உட்காராம நிக்குதான்னு என்ஜின் ஆறினாத்தான் தெரியும்" என்று கருவியைத் துடைத்து வைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார். இவ்வளவு தெரிந்தும் அவர் தீர்ப்புச் சொல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. ஐயத்தைக் கொண்டு உறுதியை நீக்கலாகாது என்று எங்கள் உஸ்தாத் பாடம் சொன்ன காலம் நினைவில் வந்தது. அவர் சொன்னபோது எங்களுக்கு அது தேர்வுக்கான ஒரு வரி.

இஷா தொழுதுவிட்டு உறவினர் ஒருவர் வீட்டில் தங்கினோம். மருமகனுக்கும் உறக்கமில்லை, எனக்கும் உறக்கமில்லை. விற்றவர் வீடு அங்கிருந்து நான்கு தெரு தள்ளி. இருட்டில் அவன் திடீரென்று கேட்டான்: "மாமா, ஹோஸ் நான் செய்தது. வால்வு மட்டும் அவர் மறைத்ததாக இருந்தால்?" "இருந்தால் கேட்போம்" என்றேன். "இல்லாவிட்டால்?" என்றான். அதற்கு நான் விடை சொல்லவில்லை. தொலைபேசியில் அவன் சொன்ன சொற்கள் இரண்டு பேருக்குமே நினைவில் இருந்தன.

காலையில் பெரியவர் முதலில் டர்போவைத் திறந்தார். காற்று நுழையும் பக்கத்துக் குழாயைக் கழற்றியதும் இறக்கைகளோடு சிறு சக்கரம் தெரிந்தது. அதைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார், இலேசாக ஆடியது. நான் பதறினேன். "அந்த ஆட்டம் இருக்கணும். எண்ணெய் நிக்கிற இடம் அது. முன்னும் பின்னும் இழுத்தா ஆடக் கூடாது" என்று இழுத்துக் காட்டினார். ஆடவில்லை. இறக்கைகளின் நுனியிலும் கூட்டின் சுவரிலும் உரசிய கீறல் இல்லை. பிறகு, மிகுந்து போகும் புகையைச் சக்கரத்தின் பக்கம் விடாமல் வேறு வழியே திருப்பும் சிறு கதவைச் சோதித்தார். வேஸ்ட் கேட் என்று அதற்குப் பெயராம். அந்தக் கதவு திறந்தபடி இறுகிவிட்டால் டர்போ இருந்தும் இல்லாதது போல. மூடியபடி இறுகினால் அழுத்தம் மிஞ்சி என்ஜினுக்கே ஆபத்து. கைப்பம்பினால் காற்றடித்தார், தண்டு நீண்டது. காற்றை விட்டார், திரும்பியது. "டர்போவுக்கு ஒண்ணும் இல்லை. ஆண்டவன் காப்பாத்திட்டான்" என்றார். மருமகன் சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் கண்கள் நனைந்திருந்ததை நான் காணாதது போல் இருந்துவிட்டேன்.

இப்போது வால்வு. இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசாமல் செல்ல முடியவில்லை, தொழில் புத்தி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தார் வால்வுக்கு ஓரதர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதர் என்றால் வழி. ஒரே பக்கம் செல்ல விடும் வழி. அரபியில் அது ஸிமாம். அடைத்தல் என்னும் பொருள் கொண்ட வேரிலிருந்து பிறந்தது. அதே வேரிலிருந்துதான் செவிடு என்பதற்கான அஸம்மு என்ற சொல்லும் பிறக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா என்னும் மூன்று சகோதரர்கள் தங்கள் கிதாபுல் ஹியல் நூலில் விவரித்திருக்கும் நீர்ப்பொறிகளில் கூம்பு வடிவ வால்வுகள் இருக்கின்றன. கூம்பு தன் இருக்கையில் பொருந்தி உட்கார்ந்தால் நீர் நிற்கும். டீசல் என்ஜினின் புகை வால்வும் நீண்ட காம்பின் நுனியில் விளிம்பு சரிந்த ஒரு தட்டுதான். அங்கே நீர், இங்கே நெருப்பு. எரிந்த வாயு வெளியேறும் வழியில் நிற்பதால் அது எப்போதும் தகித்துக்கொண்டிருக்கும். தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் அந்தச் சிறு கணங்களில்தான் தன் சூட்டை அது இறக்கி வைக்கிறது.

மேல்மூடியைத் திறக்கவே பெரியவர் சிரமப்பட்டார். கேஸ்கெட் இறுகிப் பலகையாகியிருந்தது. "இதை யாரும் ரெண்டு வருஷமா திறக்கலை" என்றார். வால்வின் காம்புக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே, குளிர்ந்த நிலையில், மயிரிழை போன்ற ஓர் இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் காம்பு நீளும். அந்த நீளத்துக்கு முன்கூட்டியே விட்டுவைக்கும் இடம் அது. அதைத்தான் டாப்பெட் வைப்பது என்கிறார்கள். மில்லிமீட்டரின் சிறு பின்னங்களாகக் கனம் எழுதிய எஃகுத் தகடுகளின் கொத்து ஒன்றை எடுத்து, எட்டு வால்வுகளையும் வரிசையாகச் சோதித்தார். ஏழில் தகடு நுழைந்தது. மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வில் எந்தத் தகடும் நுழையவில்லை. இருந்ததிலேயே மெல்லியதைக்கூட அது ஏற்கவில்லை.

"இருக்கை தேயத் தேய வால்வு மேல ஏறும் ஹஜ்ரத். இடைவெளி குறையும். கடைசியில இல்லாமலே போயிடும். அப்புறம் சூடேறினா வால்வு முழுசா உட்காராது. உட்காராத வால்வு சூட்டை எங்கே இறக்கும்? எரிஞ்சு போகும். இது நாலு மாசத்துல வர்றது இல்லை."

"அப்படியானால் விற்றவருக்குத் தெரிந்திருக்கும்தானே?" என்று மருமகன் உடனே கேட்டான்.

பெரியவர் சிரித்தார். "எப்படித் தெரியும்? இடைவெளி கூடினா டிக் டிக்னு சத்தம் கேட்கும். சனங்க பயந்துபோய்க் கொண்டு வருவாங்க. சத்தம் போடுற வால்வால ஆபத்து கம்மி. இடைவெளி குறைஞ்சா சத்தம் அடங்கிடும். என்ஜின் பூ மாதிரி ஓடுதுன்னு சந்தோஷப்படுவாங்க. சத்தம் அடங்கினதுதான் எரியும்."

நான் ஸ்டூலில் அமர்ந்தபடியே இருந்தேன். என்ஜின் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மாஷா அல்லாஹ் சொல்லிச் சாட்சி நின்றவன் நான். பழுதையே பாராட்டி விலை பேசியிருக்கிறேன். காது இருந்தும் செவிடன். மருமகனும் அந்த நாளை நினைத்துக்கொண்டான் என்பது அவன் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. அவன் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் அடக்கத்துக்காக அல்லாஹ் அவனுக்கு நல்லருள் புரிவானாக.

பெரியவர் திருகை இளக்கி, தகட்டை நுழைத்து, இலேசான பிடிப்போடு அது வழுக்கும் அளவுக்கு வைத்து இறுக்கினார். மற்ற ஏழையும் சரி பார்த்தார். புது ஹோஸ், புது கிளாம்பு, புது வடிகட்டி, மேல்மூடிக்குப் புது கேஸ்கெட் எல்லாம் பொருத்தியாயிற்று. வண்டியைச் சூடேற்றிவிட்டு மீண்டும் அழுத்தமானியை வைத்தார். மூன்றாம் சிலிண்டர் 26-க்கு மேல் ஏறியது. "வால்வு இன்னும் எரியலை. எரிஞ்சிருந்தா ஏறாது. ஹெட்டைக் கழட்ட வேண்டாம். பத்து நாள் ஓட்டிட்டுக் கொண்டு வா, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். பொருளும் கூலியுமாக ஆறாயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. இக்காலத்துப் புது வண்டிகளில் கணினியைச் செருகினால் பழுதை அதுவே சொல்லிவிடுமல்லவா என்று நான் கேட்டதற்கு, "2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 வண்டிங்க எல்லாம் அப்படித்தான். காத்து குறையுதுன்னு நம்பர் காட்டும். கம்பியைக் கட்டினது யாருன்னு காட்டாது" என்றார்.

விற்றவர் வீட்டுக்கு நடந்தே சென்றோம். வண்டி பத்து நிமிடம் ஓடிக் காட்டட்டும் என்று பெரியவர் தம் பையனிடம் விட்டிருந்தார். வழியில் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டே போனேன். வால்வு பழைய பழுது. அவர் கையில் உண்டானது. ஹோஸ் புதிய பழுது. எங்கள் கையில் உண்டானது. ஆகவே திருப்பித் தரும் உரிமை போயிற்று. குறைந்த மதிப்பைக் கேட்கலாம் என்றால், வால்வு பழுது என்று கடலூரில் கேட்ட பிறகும் பதினொரு நாள் மீன் ஏற்றியாயிற்று. அந்த உரிமையும் போயிற்று. எஞ்சி நின்றது தொலைபேசியில் சொன்ன சொல் ஒன்றுதான். அது எங்கள் மீதிருந்த கடன்.

கதவைத் திறந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. ஸலாமுக்குப் பதில் சொல்லி உட்காரச் சொன்னார். நடந்ததை ஒன்றுவிடாமல் நானே சொன்னேன். கம்பியையும் சொன்னேன், மூன்றாம் வால்வையும் சொன்னேன், என் மாஷா அல்லாஹ்வையும் சொன்னேன். மருமகன் எழுந்து நின்று, "அண்ணே, நான் பேசியது தவறு. மன்னித்துவிடுங்கள்" என்றான். அவர் நெடுநேரம் சுவரையே நோக்கிக்கொண்டிருந்தார். "அன்றைக்கு நீ பேசியபோது என் மகள் பக்கத்தில் இருந்தாள், தம்பி. அத்தா யாரை ஏமாற்றினீர்கள் என்று கேட்டாள்" என்றார். அதற்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

பிறகு உள்ளே சென்று வந்து, மூவாயிரத்து இருநூறு ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். நாங்கள் மறுத்தோம். உரிமை எங்களுக்கு இல்லை என்று நான் கிதாபை எடுத்துச் சொன்னேன். "கிதாபு உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லலாம், ஹஜ்ரத். எனக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறதா? வால்வு என் கையில் இருந்தபோதுதானே தேய்ந்தது?" என்றார். இல்லை, அப்படி எந்தக் கிதாபும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

தேநீர் வந்தது. குடித்துக்கொண்டிருக்கையில் மெக்கானிக்கின் பையன் வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்தினான். அணைக்கவில்லை, பெரியவரின் பயிற்சி. நாங்கள் விடைபெற்று இறங்கியபோது அவரும் தெருவரை வந்தார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினைக் கேட்டு, காதைச் சாய்த்து, நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, டாப்பெட் சத்தம் இலேசாகக் கேட்கிறதே? என்னிடம் இருந்தபோது இது இல்லையே?"

மருமகன் என்னைப் பார்த்தான். இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரித்தான்.

"இருக்கட்டும் அண்ணே. அது இருக்க வேண்டிய சத்தம்" என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி எனக்காகக் கதவைத் திறந்தான்.